லண்டன் பப்கள்: நிற்பவையும் மறைந்தவையும்

திங்கள்: சோஹோ

லண்டன் பப்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் வரைபடத்துக்கு முன் நாள்காட்டியைப் பார்ப்பது நல்லது. சோஹோவில் வெள்ளி, சனி மாலைகளில் உள்ளே காலை ஊன்ற இடம் கிடைக்காது. கூட்டம் நடைபாதை வரை வழியும். அலுவலகங்கள் நிறைந்த சிட்டி பகுதியிலோ சனி, ஞாயிறுகளில் பல பப்கள் கதவைத் திறப்பதே இல்லை. ஞாயிறு மதியம் என்பது குடியிருப்புப் பகுதிப் பப்களின் நேரம். அதனால் சோஹோவை வாரத் தொடக்கத்திலும் சிட்டியை வாரத்தின் நடுவிலும் வைத்துக்கொண்டு, கடைசி நாளை நகரின் ஓரத்துக்கு விட்டுவைப்பது வசதி.

2001இல் லண்டனில் 4,835 பப்கள் இருந்தன. 2016இல் 3,615. மேயர் அலுவலகமே வெளியிட்ட கணக்கு இது. பதினைந்து ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு போயிற்று. ஜனங்கள் குடிப்பதைக் குறைத்துக்கொண்டதால்தான் இப்படி ஆயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிக் கதைதான். பப் நிற்கிற மனையின் விலை, அந்தப் பப் தலைமுறைக் கணக்கில் சம்பாதிக்கக்கூடிய பணத்தையும் தாண்டிப் போய்விட்டது என்பது மீதிக் கதை. எந்தப் பப் போயிற்று, எது தப்பியது, எதனால் தப்பியது என்ற கேள்வியோடு நடந்தால்தான் இந்தக் கட்டடங்கள் வாய் திறக்கும்.

டீன் தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஹவுஸ் தப்பியவற்றில் ஒன்று. முன்பு அதன் பெயர் யார்க் மின்ஸ்டர்; 1984இல் அந்தப் பெயருள்ள யார்க் நகரத் தேவாலயம் தீப்பிடித்த பிறகுதான் இன்றைய பெயர் அதிகாரபூர்வமாயிற்று. வாடிக்கையாளர்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அப்படித்தான் அழைத்தார்கள். இங்கே பியரை அரைப் பைண்ட் கிளாஸில் மட்டுமே ஊற்றுவார்கள் (ஒரு பைண்ட் என்பது அரை லிட்டருக்குச் சற்று மேல்). இசை இல்லை, தொலைக்காட்சி இல்லை, கைபேசியை எடுத்தால் முறைப்பார்கள். பேசுவதற்கென்றே ஒதுக்கிவைத்த அறை இது, அதற்காகவே முதலில் இங்கே போகச் சொல்வோம். மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் நிற்க இடம் கிடைக்கும்.

அந்த மதிய நேரத்துக்கே ஒரு சரித்திரம் உண்டு. முதல் உலகப்போரில், ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கக் கூடாதென்று கொண்டுவந்த நேரக் கட்டுப்பாடு 1988 வரை நீடித்தது; பப்கள் மதியத்தில் சில மணி நேரம் பூட்டியே கிடக்கும். அந்த இடைவெளியில் குடிப்பதற்காகவே உறுப்பினர் மன்றங்கள் முளைத்தன. இதே டீன் தெருவில் 1948இல் தொடங்கிய காலனி ரூம் அவற்றில் பேர்போனது; ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் அங்கே அன்றாடம் வந்தவர். 2008இல் மூடப்பட்டது. வார்டர் தெருவில் ராக் இசை ரசிகர்கள் கூடிய இன்ட்ரெபிட் ஃபாக்ஸ் 2006இல் போயிற்று. கட்டடம் நிற்கிறது, பப் இல்லை.

முதல் முறை போகிறவர்களுக்கு: மேசைக்கு யாரும் வந்து ஆர்டர் எடுக்க மாட்டார்கள். கவுன்ட்டரில் போய் நிற்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு; உங்களுக்கு முன்னால் வந்தவர் யார் என்று நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஊற்றுபவரும் பார்த்துக்கொண்டிருப்பார். குழுவாகப் போனால் ஆளுக்கொரு முறை எல்லாருக்குமாக வாங்குவதுதான் வழக்கம். வாங்கிக் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது நழுவுகிறவரை இந்த ஊர் மன்னிக்காது. இருபத்தைந்து வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். குடிக்காதவர்கள் கூச்சப்பட வேண்டாம். சோடாவில் எலுமிச்சைச் சாறு ஊற்றித் தரச் சொன்னால் யாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. மத்திய லண்டனில் ஒரு பைண்ட் பியர் ஆறேழு பவுண்டு ஆகும்.

செவ்வாய்: சதர்க்

லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து பரோ ஹை தெருவில் தெற்கே இறங்கினால் இடது கைப்பக்கம் வரிசையாகச் சந்துகள் வரும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் குதிரை வண்டிச் சத்திரத்தின் முற்றம். கிங்ஸ் ஹெட், ஒயிட் ஹார்ட், ஜார்ஜ், டால்பட் எனப் பெயர்கள் மட்டும் சந்துகளில் தங்கியிருக்கின்றன. லண்டன் பாலம் இரவில் மூடப்படும் காலத்தில் தெற்கிலிருந்து வந்தவர்களும் தெற்கே போகிறவர்களும் இங்கேதான் தங்கினார்கள்.

டால்பட் முற்றத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை, சுவரில் ஒரு நீலத் தகடு தவிர. ஆனால் அங்கே நின்றிருந்ததுதான் டபார்ட் சத்திரம். இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கான்டர்பரி கதைகள்’ நூலில் யாத்ரீகர்கள் கூடிப் புறப்பட்ட இடம். பழைய கட்டடம் 1676 தீயில் எரிந்தது, மறுபடி கட்டினார்கள், 1873இல் இடித்துத் தள்ளினார்கள். ஆங்கில இலக்கியத்தின் வாசற்படி என்று சொல்லத்தக்க ஓர் இடத்தையே காக்காத ஊர் இது. மூலைக்கடைப் பப்பைக் காக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

அடுத்த முற்றத்தில் ஜார்ஜ் நிற்கிறது. அதே 1676 தீயில் எரிந்து 1677இல் எழுந்த கட்டடம். மாடி நடைகள் முற்றத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் சத்திரங்களில் லண்டனில் மிஞ்சியது இது ஒன்றுதான். மிஞ்சியதும் ஒரு பக்கம் மட்டுமே. ரயில் கம்பெனி இதைச் சரக்குக் கிடங்காக வைத்திருந்தது. 1889இல் மற்ற இரு பக்கங்களையும் இடித்தது. 1937இல் தெற்குப் பக்கம், பழைய கட்டடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் கைக்குப் போனது. அதற்குப் பிறகு அதை விற்கும் பேச்சுக்கே இடமில்லை. பப் தப்பும் வழிகளில் இது முதலாவது: விற்க முடியாத கைக்குப் போய்ச் சேருவது.

இங்கிருந்து கொஞ்சம் மேற்கே ரெட்கிராஸ் வே பக்கம் சுவரில் ‘டேக் கரேஜ்’ என்று பிரம்மாண்டமான வெள்ளை எழுத்துகள் மங்கி நிற்கும். கரேஜ் மதுபான ஆலையின் பழைய விளம்பரம். லண்டன் பிரிட்ஜுக்குள் நுழையும் ரயிலிலிருந்தும் தெரியும். சதர்க் தெருவில் 1867இல் திறந்த ஹாப் எக்ஸ்சேஞ்சையும் பாருங்கள். கென்ட்டில் விளைந்த ஹாப்ஸ் ரயிலில் வந்து விற்பனையான இடம். பியருக்குக் கசப்பைத் தரும் பூ ஹாப்ஸ். சுற்றுவட்டாரத்தில் இத்தனை பப்கள் ஏன் என்பதற்கு அந்தக் கட்டடமே பதில்.

பரோ நிலையத்துக்குப் பின்னால் டபார்ட் தெருவில் ராயல் ஓக் என்ற சின்ன மூலைப் பப். சசெக்ஸின் லூயிஸ் ஊரைச் சேர்ந்த ஹார்விஸ் ஆலையின் பப் இது. பீப்பாய் பியர் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பப்களின் சாவுக்கும் வாழ்வுக்கும் இந்தப் பீப்பாயோடு சம்பந்தம் உண்டு. ஆலையிலிருந்து வரும் பீப்பாய்க்குள் பியர் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஈஸ்ட் உள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும். வழக்கமான சிறிய பீப்பாய் 9 கேலன், அதாவது 72 பைண்ட். அதை நிலவறையில் மரச்சட்டத்தின் மேல் படுக்கவைத்து, உருளாமல் ஆப்பு வைத்து, அசைக்காமல் விட வேண்டும். நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ். பீப்பாயின் வயிற்றில் மேல்பக்கம் இருக்கும் அடைப்பில் மென்மரத்தால் ஆன முளையை அடித்து இறக்குவார்கள். மரத்தின் நுண்துளை வழியே வாயு வெளியேறும்; முளையைச் சுற்றி நுரை பொங்கும். பொங்குவது அடங்கியதும் அதைப் பிடுங்கிவிட்டுக் கடின மர முளையை வைப்பார்கள், எஞ்சிய வாயு உள்ளேயே நிற்பதற்காக. கடின முளையைச் சீக்கிரமே வைத்தால் கிளாஸில் நுரை மட்டுமே விழும். மென்முளையை அதிக நேரம் விட்டால் பியர் செத்துப்போய்த் தட்டையாக இருக்கும். பிறகு முகப்பில் குழாயைச் சொருகி மரச்சுத்தியலால் ஒரே அடி. தயங்கி அடித்தால் பியர் முகத்தில் பீய்ச்சும். வண்டல் அடியில் படிய ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். மேலே கவுன்ட்டரில் இருக்கும் கைப்பம்பு இதை வாயு அழுத்தமே இல்லாமல், வெறும் கைபலத்தால் உறிஞ்சி மேலே இழுக்கிறது.

விற்பனை தொடங்கிவிட்டால் ஒவ்வொரு கிளாஸ் இறங்கும்போதும் பீப்பாய்க்குள் அறைக்காற்று நுழையும். மூன்று நாள்தான் கணக்கு. அதற்குள் எழுபது பைண்டையும் விற்றாக வேண்டும். நான்காம் நாள் புளிப்பு தட்டும், அப்புறம் காடி வாசனை. கூட்டம் குறைந்த பப்பில் பீப்பாய் காலியாக ஒரு வாரம் ஆகிறது, பியர் கெடுகிறது, ஒரு முறை கெட்ட பியர் குடித்தவர் மறுமுறை வருவதில்லை, கூட்டம் இன்னும் குறைகிறது. மூடிய பல பப்களின் கடைசி மாதங்கள் இப்படித்தான் கழிந்தன. ஆறு கைப்பம்பு வைத்திருக்கும் ஆளில்லாத பப்பைவிட, இரண்டே வைத்துக் கூட்டமாக இருக்கும் பப்பை நம்புங்கள். வாசலில் காஸ்க் மார்க் என்ற சிறு தகடு இருந்தால் பியரின் வெப்பநிலையையும் சுவையையும் வெளியாள் வந்து சோதித்திருக்கிறார் என்று பொருள்.

வாங்கும் முன் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கக் கேட்கலாம், தருவார்கள். காடி வாசனை அடித்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். வேறு ஊற்றித் தருவார்கள். பாதி குடித்துவிட்டுப் புகார் செய்தால் எடுபடாது. சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பீப்பாய் பியரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்ப்பது பரவலான வழக்கம். சேர்க்காததும் கிடைக்கிறது, சற்றுக் கலங்கலாக இருக்கும். கவுன்ட்டரில் கேட்டால் சொல்வார்கள்.

புதன்: சிட்டி, ஃப்ளீட் தெரு, ஹோபர்ன்

பிளாக்ஃபிரையர்ஸ் நிலையத்துக்கு எதிரே, கேக் துண்டைப் போல முக்கோணமாக நிற்கிறது பிளாக் ஃபிரையர். 1875 வாக்கில் எழுந்த கட்டடம். 1905 வாக்கில் உள்ளும் புறமும் மாற்றி அமைத்தார்கள். டொமினிக்கன் துறவிமடம் இருந்த மண் என்பதால் எங்கே திரும்பினாலும் குண்டுத் துறவிகள்: மீன் பிடிப்பவர்கள், பாடுபவர்கள், பழம் பறிப்பவர்கள், செம்பிலும் பளிங்கிலும். சிற்பி ஹென்றி பூல். 1960களில் இதை இடிக்கத் திட்டமிட்டபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலானோர் எதிர்த்துக் காப்பாற்றினார்கள். பின்பக்கத்துச் சின்ன அறையின் விதானம்வரை பாருங்கள். நண்பகலில் அலுவலகக் கூட்டம் மொய்க்கும், பதினொன்றரைக்கே போய்விடுவது உத்தமம்.

ஃப்ளீட் தெருவில் யே ஓல்ட் செஷையர் சீஸ், 1666 பெருந்தீக்கு அடுத்த ஆண்டே மீண்டும் கட்டப்பட்டது. வாசலருகே இருக்கும் பலகையில், அது திறந்த நாள்முதல் ஆண்ட மன்னர்கள் வரிசை. நிலவறைக்குப் போகும் படி செங்குத்து, தலையும் இடிக்கும். ஆனால் இந்தத் தெருவில் மறைந்தது கட்டடங்களைவிட ஆட்கள்தான். 1986இல் ரூபர்ட் மர்டாக் தன் பத்திரிகைகளை வாப்பிங்குக்குக் கொண்டுபோனதிலிருந்து ஒவ்வொரு நாளிதழாக இடம்பெயர்ந்தது. 2005இல் ராய்ட்டர்ஸும் போனது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு பப் என்று பங்கு போட்டுக்கொண்டிருந்த தெரு அது.

ஹாட்டன் கார்டனில் நகைக்கடைகளுக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு சந்து. அதற்குள் யே ஓல்ட் மைட்டர். ஈலி பிஷப்பின் பணியாளர்களுக்காக 1546இல் தொடங்கியது என்பது வரலாறு. இன்றைய கட்டடம் அதற்குப் பிந்தையது. வார இறுதியில் பூட்டிக் கிடக்கும். புதனன்று சிட்டிக்கு வரச் சொன்னதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஹை ஹோபர்னில் பிரின்சஸ் லூயிஸ். 1872 கட்டடம், 1891 உள்வேலைப்பாடு. மரத்தாலும் பூ வரைந்த கண்ணாடியாலும் தடுத்த சிறு சிறு அறைகள் நடு கவுன்ட்டரைச் சுற்றி நிற்கும். விக்டோரியா காலத்துப் பப் முழுக்க இப்படித்தான் இருந்தது: கூலித் தொழிலாளிக்கு ஒரு வாசல், குமாஸ்தாவுக்கு ஒன்று, வீட்டுக்கு வாங்கிப்போக வரும் பெண்களுக்கு ஒன்று. இருபதாம் நூற்றாண்டில் இத்தடுப்புகளை ஊரெங்கும் பிடுங்கி எறிந்து ஒரே கூடமாக்கினார்கள். இங்கே திரும்பவும் அமைத்திருக்கிறார்கள். ஆண்கள் கழிப்பறையின் பளிங்குத் தொட்டிகள்கூடப் பாதுகாக்கப்பட்டவை. சாமுவேல் ஸ்மித் ஆலையின் பப் என்பதால் அவர்களுடைய சரக்கு மட்டுமே கிடைக்கும். கோலாகூட வேறு கம்பெனியுடையது இருக்காது. கைபேசி, இசை இரண்டுக்கும் தடை. மத்திய லண்டன் விலையோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு.

வியாழன்: ஒயிட்சேப்பல், ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்

இன்று குடிப்பதைவிட அண்ணாந்து பார்ப்பதுதான் அதிகம். கிழக்கு லண்டன் செத்த பப்களின் ஊர். அவற்றை அடையாளம் காணப் பழகிவிட்டால் எந்தத் தெருவும் சும்மா இருக்காது.

முதலில் மூலை. இரண்டு தெரு சந்திக்கும் இடத்தில், மூலையை வெட்டி அங்கே வாசல் வைத்த கட்டடம் என்றால் சந்தேகப்படுங்கள். அடுத்துத் தரைத்தளம். இடுப்புயரத்துக்கோ அதற்கு மேலோ பச்சை, பழுப்பு நிறத்தில் மெருகேற்றிய ஓடு பதித்திருக்கும். கிளாஸ்கள் உடைவதும் பியர் சிந்துவதும் நாய்கள் கால் தூக்குவதும் தெரிந்து, கழுவிவிட வசதியாகப் பதித்தது. பிறகு நடைபாதையைப் பாருங்கள்: பீப்பாய் இறக்கும் இரட்டைக் கதவு, மரமோ இரும்போ, தரையோடு தரையாக. அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றுகிறவர்கள் முதலில் காரை பூசி மூடுவது இதைத்தான், ஆனால் செவ்வகத் தடம் தெரியும். முதல் மாடி உயரத்தில் பெயர்ப்பலகை தொங்கிய இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடிச்சுவரின் உச்சியில் பெயரும் ஆண்டும் சுண்ணாம்பில் வார்த்திருப்பார்கள். அதை உடைக்கச் செலவு அதிகம் என்பதால் அது மட்டும் பிழைத்துக்கொள்ளும். ஒரே கட்டடத்துக்கு ஒரே பக்கத்தில் மூன்று கதவுகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கழுகுச் சின்னம் இருந்தால் ட்ரூமன் ஆலையின் பப். பிரிக் லேனில் இருந்த அந்த ஆலை 1989இல் மூடியது. சார்ரிங்டன், டெய்லர் வாக்கர், மான் என்று மற்ற ஆலைப் பெயர்களும் ஓடுகளில் வரும். அந்த ஆலை எதுவும் இன்று லண்டனில் இல்லை. ஒயிட்சேப்பல் சாலையில் பிளைண்ட் பெக்கர் மட்டும் நிற்கிறது, 1894 கட்டடம். 1966 மார்ச் 9 அன்று கிழக்கு லண்டன் தாதா ரோனி கிரே, எதிர்க் கும்பலின் ஜார்ஜ் கார்னெலைச் சுட்டுக் கொன்றது இங்கே. அதைத் தேடித்தான் பலர் வருகிறார்கள். வில்லியம் பூத் 1865இல் இந்தப் பெயருள்ள பப்பின் வாசலில் நின்றுதான் பிரசங்கம் செய்தார், அதிலிருந்துதான் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு பிறந்தது என்பது துப்பாக்கிக் கதையைவிடப் பெரிய விஷயம் என்பது எங்கள் எண்ணம். பக்கத்தில் இருந்த ஆல்பியன் ஆலை 1979இல் மூடியது.

ஆலைகளுக்கும் பப்களுக்கும் இருந்த கட்டு புரிந்தால் சாவின் கணக்கும் புரியும். பெரும்பாலான பப்கள் ஆலைக்குச் சொந்தம். நடத்துகிறவர் குத்தகைக்காரர், அந்த ஆலையின் சரக்கையே வாங்க வேண்டும். ஆறு பெரிய ஆலைகள் சந்தையைப் பிடித்திருக்கின்றன என்று 1989இல் அரசு ஓர் ஆணை போட்டது: 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலை, உபரியில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். விடுவிக்கப்பட்டவற்றைக் குத்தகைக்காரர்கள் வாங்கவில்லை. பியரே காய்ச்சாத புதிய கம்பெனிகள் கடன் வாங்கி ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தன. ஆலைக்குப் பப் என்பது தன் சரக்கு விற்கும் கடை. இவர்களுக்கோ அது மனை. வாடகையும் ஏறியது, கட்டுப்பட்ட பியரின் விலையும் ஏறியது. 2007 ஜூலை 1 முதல் உள்ளே புகைக்கத் தடை வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து 2013 வரை பியர் வரி பணவீக்கத்துக்கு மேல் ஆண்டுதோறும் ஏறியது. கடனில் தத்தளித்த கம்பெனிகளுக்கு வீடு கட்டுகிறவர் நீட்டிய காசோலை இனித்தது.

புதிதாக வந்து குடியேறியவர்கள் குடிக்காதவர்கள் என்பதால்தான் கிழக்கில் பப்கள் போயின என்று சொல்பவர்கள் உண்டு. சில தெருக்களுக்கு அது பொருந்தும். ஆனால் குடிக்கிறவர்கள் நிறைந்த தெருக்களிலும் நல்ல வியாபாரம் நடந்த பப்கள் வீடுகளாகிவிட்டன. ஹேக்னி ரோட்டில் இரவெல்லாம் கூட்டம் நிறைந்த ஜாய்னர்ஸ் ஆர்ம்ஸ் 2015 ஜனவரியில் மூடியது. ஆள் வராமல் அல்ல.

கமர்ஷியல் தெருவில் கோல்டன் ஹார்ட்டில் முடிக்கலாம். 1936இல் ட்ரூமனுக்காக ஆலையின் கட்டடக் கலைஞர் ஏ. இ. சூவெல் வடிவமைத்தது. மரப்பலகைச் சுவர்களையும் கணப்பையும் நினைவில் வையுங்கள், ஞாயிறன்று இதே கையின் வேலையை மறுபடி பார்ப்போம்.

வெள்ளி: வாப்பிங், ராதர்ஹைத்

ஆற்றோரம். சுருக்கமாகவே சொல்லிவிடலாம், பார்க்க அழகு, விஷயம் குறைவு. செயின்ட் கேத்தரின் கப்பல் துறை 1968இல் மூடியது, லண்டன் துறை அடுத்த ஆண்டு, ராயல் துறைகள் 1981இல். கன்டெய்னர் கப்பல்கள் டில்பரிக்குப் போய்விட்டன. சுமைதூக்குகிறவர்கள் இல்லாமல் போனதும் அவர்களுடைய பப்களும் போயின; எஞ்சியவை ஆற்றுக் காட்சி உள்ளவை மட்டுமே. ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பி 1520 என்று பலகை போட்டிருக்கிறது. தரையின் கற்பாளங்கள்தான் உண்மையில் பழையவை. கேப்டன் கிட் பார்ப்பதற்கு முந்நூறு வயது போலிருக்கும், ஆனால் கிடங்கில் 1980களில் திறந்தது. டவுன் ஆஃப் ராம்ஸ்கேட்டை ஒட்டி ஆற்றில் இறங்கும் கற்படிகள் பாசி பிடித்தவை. வெள்ளம் ஏறும் நேரத்தில் இறங்காதீர்கள். கரையில் எதையும் தோண்டவோ பொறுக்கவோ துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

வாப்பிங்கிலிருந்து ஒரே நிறுத்தம் ரயிலில் போனால் ராதர்ஹைத். அந்த ஒரு நிறுத்தம், பொறியாளர்களான ப்ரூனல் தந்தையும் மகனும் கட்டி 1843இல் திறந்த தேம்ஸ் சுரங்கத்தின் வழியாகப் போகிறது. மேலே ஏறியதும் மேஃப்ளவர் பப்.

சனி: மைடா வேல், சௌத்தால்

வாரிக் அவென்யூ நிலையத்தருகே பிரின்ஸ் ஆல்ஃப்ரெட். இங்கே அறைத் தடுப்புகளில் இடுப்பளவுக்குச் சின்னக் கதவுகள் உண்டு. ஒரு அறையிலிருந்து மறு அறைக்குப் போகக் குனிந்து நுழைய வேண்டும். கவுன்ட்டரின் மேல் முகமட்டத்தில் சுழலும் கண்ணாடிப் பலகைகள். ஊற்றுகிறவர் கண்ணில் படாமல் மேல்தட்டுக்காரர்கள் குடிப்பதற்காக வைத்தது.

கில்பர்ன் பார்க்கில் இறங்கினால் கார்ல்டன் டேவர்ன். பார்த்தால் 1920களின் சாதாரணச் செங்கல் பப். அது சாதாரணம் அல்ல. முந்தைய பப் 1918இல் ஜெர்மன் குண்டுவீச்சில் அழிந்ததால் சார்ரிங்டன் ஆலை 1920-21இல் கட்டியது. அடுத்த போரில் சுற்றியிருந்த தெரு அழிந்தும் இது நின்றது. 2015 ஏப்ரலில், பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்க இரண்டொரு நாளே இருந்தபோது, உரிமையாளர் கம்பெனி அனுமதி பெறாமல் இடித்துவிட்டது. அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டக் கேட்ட அனுமதி முன்பே மறுக்கப்பட்டிருந்தது. அந்தப் பகுதியின் உள்ளாட்சியான வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் அபராதத்தோடு விடவில்லை: இருந்தது இருந்தபடி, செங்கல்லுக்குச் செங்கல், திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டது. மேல்முறையீட்டிலும் உத்தரவு நின்றது. 2021 ஏப்ரலில் பப் மீண்டும் திறந்தது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் முக்கியம். அக்கம்பக்கத்தார் ஆபத்தை மோப்பம் பிடித்து முன்கூட்டியே பாரம்பரியக் காப்பு அமைப்பை வரவழைத்திருந்தார்கள். கட்டடத்தைப் படமெடுத்து, வேலைப்பாடுகளுக்கு அச்சும் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஆவணம் இல்லாவிட்டால் ‘இருந்தபடி’ என்பதற்குப் பொருளே இருந்திருக்காது. உங்களுக்குப் பிடித்த பப்பின் கூரை வார்ப்பு, ஓடு, கண்ணாடி எழுத்து எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து வையுங்கள். அன்று ஒரு பப்பை மளிகைக் கடையாக மாற்றத் திட்ட அனுமதியே தேவைப்படாது. 2017 மே மாதம் முதல்தான் இங்கிலாந்தில் இடிக்கவும் மாற்றவும் அனுமதி கட்டாயமாயிற்று.

பாடிங்டனிலிருந்து எலிசபெத் லைனில் சௌத்தால். சௌத் ரோட்டில் கிளாசி ஜங்ஷன் என்ற பஞ்சாபிப் பப் இருந்தது. இந்திய ரூபாயில் பணம் வாங்கியதற்காகப் பேர் போனது. அது மூடி, அதே கட்டடம் தென்னிந்தியச் சைவ உணவகமாயிற்று. கார்ல்டனைப் பார்த்த கண்ணுக்கு இது தோல்வியாகத் தெரியலாம். தெரியக் கூடாது. ஊர்க்காரர்கள் கூடி உட்காரும் மூலையாக அது தொடர்ந்தது.

ஞாயிறு: நன்ஹெட்

தென்கிழக்கு லண்டன், நன்ஹெட் நிலையத்திலிருந்து நல்ல நடை. ஐவி ஹவுஸ். 1930களில் ட்ரூமனுக்காக சூவெல் வடிவமைத்தது. வியாழனன்று பார்த்த அதே மரப்பலகை, அதே கணப்பு, பின்னால் மேடையோடு ஒரு கூடம். 1970களில் நியூலேண்ட்ஸ் டேவர்ன் என்ற பெயரில் பப் ராக் இசைக்குப் பேர்போன இடம். 2012 ஏப்ரலில் நடத்தியவரைச் சில நாள் அவகாசத்தில் வெளியேற்றி மூடினார்கள். ஊர்க்காரர்கள் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள், நல்ல பொருளில். 2011 உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் சமூகச் சொத்தாகப் பதிவான முதல் பப் இதுதான். 371 பேர் பங்கு வாங்கினார்கள், கடனும் மானியமும் சேர்ந்தன, 2013இல் வாங்கி அதே ஆகஸ்டில் திறந்தார்கள். லண்டனின் முதல் கூட்டுறவுப் பப்.

வழிமுறை இப்படி. உள்ளூர் வாக்காளர் பட்டியலில் இருக்கும் 21 பேர் சேர்ந்தால் போதும், பதிவு பெற்ற சங்கம்கூட வேண்டாம். கட்டடத்தின் எல்லைக்கோடு போட்ட வரைபடம், உரிமையாளர் விவரம், அது ஊருக்கு எப்படிப் பயன்படுகிறது என்ற விளக்கம் ஆகியவற்றோடு கவுன்சிலுக்கு மனு. எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். மனுக்கள் தோற்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது பகுதியில்தான்: ‘நல்ல பியர் கிடைக்கும்’ என்று எழுதினால் நிற்காது. எந்தக் கிழமை எந்தக் குழு கூடுகிறது, யார் யார் வருகிறார்கள் என்று எழுத வேண்டும். பதிவான பின் உரிமையாளர் விற்க நினைத்தால் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். ஆறு வாரத்துக்குள் ஊர்க்காரர்கள் வாங்க ஆர்வம் தெரிவித்தால், மொத்தம் ஆறு மாதம் வெளியாருக்கு விற்க முடியாது. அந்த ஆறு மாதம் பணம் திரட்டுவதற்கு. அதன்பின் ஊருக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதிகம் கொடுப்பவருக்குக் கொடுக்கலாம். சட்டத்தின் பலவீனம் இதுதான். மூடியதற்குப் பிறகு அவசர அவசரமாகத் தொடங்குகிறவர்கள் தோற்பதும் இதனால்தான். ஆறு மாதத்தில் மதிப்பீடு, பங்கு வெளியீடு, கடன், உரிமம் எல்லாம் முடியாது. பப் நன்றாக ஓடும்போதே பதிவு செய்துவிடுவது நல்லது.

ஞாயிறு ரோஸ்ட், அதாவது பப்களில் ஞாயிறு மதியம் கிடைக்கும் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு, சாப்பிட முன்பதிவு செய்துகொண்டு போங்கள். பொதுவாகவே பப்களில் மதியம் நான்கு மணிக்கெல்லாம் மாட்டிறைச்சி தீர்ந்துவிடும், கொட்டைப்பருப்பு ரோஸ்ட் அதற்கு முன்பே தீரும். காத்திருக்கும் நேரத்தில் ஒரு வேலை: நீங்கள் தங்கியிருக்கும் பகுதியின் கவுன்சில் தளத்தில் சமூகச் சொத்துப் பட்டியல் இருக்கும், திறந்து பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காலாவதித் தேதி தெரியும். பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான். புதுப்பிப்பு என்று ஒன்று கிடையாது, 21 பேரும் மறுபடி முதலிலிருந்து மனுப் போட வேண்டும்.